குட்டையை மூடிட்டாங்க, அழுகை நிக்கல. இதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது?

#1 நீர்முள்ளி | இரவு 11:52

எங்க எழுதறதுன்னு தெரியாம இங்க எழுதறேன். நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

வீட்டுக்குப் பின்னால ஒரு குட்டை இருந்தது. பெருசா ஒண்ணும் இல்ல, இந்தக் கரையில நின்னு கல் எறிஞ்சா அந்தக் கரையில விழும். கோரைப்புல், கொஞ்சம் ஆம்பல், மழை வந்துட்டா தவளை. 11 வருஷமா ஒரு நோட்டுல எழுதிட்டு வரேன். முதல் மழை எந்தத் தேதி, முதல் தவளைச் சத்தம் எந்த ராத்திரி, கரையோரம் முட்டைக் கொத்து எத்தனை. யாருக்காகவும் எழுதல. பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்போ ராத்திரி தூங்க மாட்டா. அவளைத் தோள்ல போட்டுக்கிட்டு நடக்கும்போது அந்தச் சத்தம் கேட்கும், அவளும் அடங்கிடுவா. அப்போ ஆரம்பிச்ச பழக்கம்.

போன மாசம் இடிபாட்டு மண்ணை லாரி லாரியாக் கொண்டுவந்து கொட்டினாங்க. ஒன்பது நாள். கடைசி நாள்ல தண்ணி ஒரு மூலைக்கு ஒதுங்கி ஒரு பாய் அகலத்துக்கு நின்னுச்சு. அதுக்குள்ள மொத்தத் தலைப்பிரட்டையும் நெருக்கிக்கிட்டு, தண்ணியே கருப்பாக் கொதிக்கிற மாதிரி இருந்தது. ஒரு வாளியில அள்ளிட்டு வந்தேன். எங்க கொண்டுபோய் விடறதுன்னு தெரியல. காலைல பாதி செத்து மிதந்துச்சு.

இந்த வாரம் மழை பெஞ்சது. ராத்திரி ஜன்னலைத் திறந்து வச்சுக் கேட்டேன். ஒரு சத்தம் இல்ல. அதுலேர்ந்து நெஞ்சு அடைச்ச மாதிரியே இருக்கு. "ஒரு பள்ளத்துக்கா இப்படி அழறே"ன்னு வீட்டுல கேக்கறாங்க.

பக்கத்துல இன்னும் ரெண்டு நீர்நிலை மிச்சம் இருக்கு. அதையும் மூடப் போறதாப் பேச்சு. அஞ்சாறு பெண்கள் சேர்ந்து ஏதாவது செய்யணும்னு பேசறாங்க, என்னையும் கூப்பிடறாங்க. வாயைத் திறந்தாலே எனக்கு அழுகைதான் வருது. இந்த அழுகையை முதல்ல தீர்த்துட்டுத்தான் போகணுமா?

#2 தும்பைப்பூ | இரவு 12:30

படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுத வரல. அந்த வாளி கண்ணுக்குள்ளயே நிக்குது அக்கா.

#3 கணக்கன் | காலை 7:14

சகோதரி, வெளிப்படையா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் சில வருஷம் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கு ஆவணம் தொகுத்துக் கொடுத்தவன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கறவங்ககிட்ட அழுகை எடுபடாது. "உணர்ச்சிவசப்படறாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிக் கோப்பை மூடிடுவாங்க. பேசறது பெண்ணா இருந்தா அந்த வார்த்தை இன்னும் சீக்கிரமா வரும். அநியாயம்தான், ஆனா நடக்குது.

அதனால முதல்ல மனசை ஆத்திக்கோங்க. ஒரு மாசம், ரெண்டு மாசம் ஆகட்டும். அப்புறம் தேதி, அளவு, வரைபடத்தோட போங்க. துக்கம் வேற, போராட்டம் வேற. ரெண்டையும் கலந்தா ரெண்டுமே கெட்டுப்போகும்.

#4 செங்காந்தள் | காலை 9:48

கணக்கன் தம்பி, தேதியும் அளவும் வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. துக்கம் வேறு, போராட்டம் வேறு என்கிறீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

நீர்முள்ளி, உங்கள் பதிவை நீங்களே மறுபடி ஒருமுறை படியுங்கள். 11 வருடம். முதல் மழை, முதல் சத்தம், முட்டைக் கொத்து எத்தனை. போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். "அங்கே என்ன இருந்தது, வெறும் பள்ளம்" என்று சொல்லித்தானே எங்கேயும் மூடுகிறார்கள்? வெறும் பள்ளம் இல்லை என்று தேதி வாரியாகச் சொல்லும் ஒரே பொருள் உங்கள் நோட்டு. அதை உங்களை எழுத வைத்தது எது? அந்தக் குட்டை மேல் இருந்த பாசம். இப்போது அழ வைப்பதும் அதே பாசம்தான். அழுகை தீர்ந்தபின் வா என்று சொன்னால், அந்த நோட்டையும் வீட்டில் வைத்துவிட்டு வா என்று சொல்வதுபோல ஆகிவிடும்.

முதலில் ஒன்று. உங்களுக்கு வந்திருப்பது விநோதமான நோய் அல்ல. ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்கில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள் ஊரைத் தின்றபோது, வீட்டைவிட்டு எங்கும் போகாமலேயே வீட்டுக்காக ஏங்கிய மனிதர்களைக் கிளென் ஆல்பிரெக்ட் என்ற அறிஞர் பார்த்தார். அந்த ஏக்கத்துக்கு 2003 வாக்கில் 'சோலாஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தார். இருந்த இடத்திலேயே இடம் பறிபோவது. 2018இல் ஆஷ்லி கன்சோலோ, நெவில் எல்லிஸ் இருவரும் சூழலியல் துக்கம் பற்றி எழுதிய கட்டுரை, இது மனிதரை இழக்கும் துக்கத்தைப் போலவே நிஜமானது, ஆனால் துக்கமாகவே மற்றவர்கள் மதிக்காதது என்று சொன்னது. உங்கள் வீட்டில் கேட்டார்களே "ஒரு பள்ளத்துக்கா" என்று, அதேதான். சாவுக்கு அழுதால் தோளில் கை போடுவார்கள், குட்டைக்கு அழுதால் உச்சுக் கொட்டுவார்கள்.

தலைப்பிரட்டை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கென்யாவின் வங்காரி மாத்தாய் நினைவுக்கு வந்தார். 2004இல் ஆஸ்லோவில் நோபல் பரிசு வாங்கிய மேடையில் அவர் பேச்சை முடித்தது எதை வைத்துத் தெரியுமா? சிறுமியாகத் தண்ணீர் எடுக்கப் போன ஓடையில் தவளை முட்டைச் சரத்தைப் பாசிமணி என்று நினைத்து விரலால் தூக்கப் பார்த்ததும், அது ஒவ்வொரு முறையும் அறுந்து போனதும், பிறகு ஆயிரக்கணக்கில் கருப்பாகத் தலைப்பிரட்டைகள் நெளிந்ததும். ஐம்பது வருடம் கழித்து அந்த ஓடை வற்றிவிட்டது. தலைப்பிரட்டைகளின் வீட்டைத் திருப்பிக் கொண்டுவருவதுதான் நம் முன்னால் இருக்கும் வேலை என்று உலகத்தின் முன் சொன்னார். கால்நடை உடற்கூறியலில் முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியை அவர், ஆயிரம் புள்ளிவிவரம் சொல்லியிருக்க முடியும். தவளை முட்டையைச் சொன்னார்.

1977 ஜூன் 5 அன்று நைரோபியில் ஏழு மரக்கன்றோடு தொடங்கியது அவருடைய பசுமைப் பட்டை இயக்கம். கிராமத்துப் பெண்கள் நாற்றங்கால் போட்டார்கள். மரம் நடப் பட்டயம் படித்திருக்க வேண்டும் என்று வனத்துறை ஆட்கள் சொன்னபோது, விதை முளைக்கப் பட்டயம் கேட்கிறதா என்ற தெளிவோடு வேலையைத் தொடர்ந்தார்கள். பிழைத்த கன்றுக்குத்தான் பணம், நட்ட கன்றுக்கு அல்ல. இந்த ஒரு விதி எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போக முடியாது, திரும்பத் திரும்ப வந்து பார்க்க வேண்டும். ஐந்து கோடிக்கு மேல் மரங்கள் அப்படி வந்தவை.

#5 இழைக் காப்பாளர் | காலை 10:05

நல்ல உரையாடல், தொடருங்கள். ஒரு வேண்டுகோள்: உங்கள் சொந்த அனுபவத்தில் இடத்தின் பெயரோ, மண் கொட்டியவர் யார் என்றோ எழுத வேண்டாம். பின்னால் வழக்கு என்று வந்தால் எழுதியவருக்கே சிக்கல் ஆகலாம்.

#6 கணக்கன் | காலை 11:20

செங்காந்தள் அம்மா, நோட்டு விஷயம் நான் கவனிக்காமப் படிச்சிட்டேன். என் தப்பு. ஆனா ஒரு வீட்டுப் பெண் எழுதின நோட்டை யாராவது ஆதாரமா ஏத்துக்குவாங்களா? அதுதான் என் கவலை.

#7 செங்காந்தள் | பகல் 1:10

நியாயமான கவலை. லவ் கனால் கதையை முழுசாகச் சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

நியூயார்க் மாநிலத்து நயாகரா ஃபால்ஸ் நகரம். 1942 முதல் 1953 வரை அங்கே 'லவ் கனால்' என்ற ஒரு பழைய கால்வாய்ப் பள்ளத்தில் சுமார் 20,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்தார்கள். மேலே மண்ணை மூடி, அந்த நிலத்தை ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி நிர்வாகத்திடம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் வந்தது, சுற்றி வீடுகள் வந்தன. அங்கே குடியிருந்த லோயிஸ் கிப்ஸுக்கு 1978இல் 27 வயது. அந்தப் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு மகனுக்கு வலிப்பு. அவனை வேறு பள்ளிக்கு மாற்றக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். கையெழுத்து வாங்கலாம் என்று கிளம்பினார். கூச்ச சுபாவம். முதல் வீட்டுக் கதவைத் தட்டினார், யாரும் திறக்கவில்லை, அப்படியே வீட்டுக்குத் திரும்பி ஓடிவிட்டார். மறுபடி போகத் துணிவு வர நாளானது.

போன வீடுகளில் என்ன நடந்தது? பெண்கள் பேசினார்கள். கரு கலைந்தது, பிறந்த குழந்தைக்கு ஊனம், சிறுநீரகக் கோளாறு. ஒவ்வொருத்தியும் அது தன் வீட்டுத் துயரம், தன் உடம்பின் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கிப்ஸ் ஒவ்வொன்றையும் தெரு வரைபடத்தில் குறித்தார். குறித்துப் பார்த்தால் நோய்கள் சிதறிக் கிடக்கவில்லை, கோடு கோடாக வந்தன. அந்தக் கோடுகள் என்ன? வீடு கட்டும் முன் அங்கே இருந்து, பிறகு தூர்க்கப்பட்ட பழைய ஓடைத் தடங்கள். விஷம் அந்தத் தடம் வழியே ஈரத்தோடு நகர்ந்திருக்கிறது. பெவர்லி பெய்கன் என்ற விஞ்ஞானி கூட நின்று கணக்கைச் சரிபார்த்தார்.

அரசுத் தரப்பு அதை வீட்டுப் பெண்கள் சேர்த்த பயனற்ற தகவல் என்று தள்ளியது. தம்பி, உங்கள் கவலை அப்படியே நடந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1978 ஆகஸ்டில் முதல் அவசரநிலை, கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் வெளியேற வேண்டும் என்றார்கள். பள்ளத்தை ஒட்டி இருந்த குடும்பங்களுக்கும் சில நாளில் வழி செய்தார்கள். மற்றவர்கள்? 1980 மே மாதம் அதிபர் கார்ட்டர் இரண்டாவது அவசரநிலை அறிவித்த பிறகுதான் மீதிக் குடும்பங்களுக்கும் வெளியேற வழி கிடைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நச்சுக் கிடங்குகளைச் சுத்தம் செய்யும் 'சூப்பர்ஃபண்ட்' சட்டம் வந்தது.

ஒரு வீட்டில் இருக்கும்வரை அது அந்த வீட்டின் அழுகை. நாற்பது வீட்டு அழுகையைத் தேதி போட்டு வரிசையாக அடுக்கினால் அதன் பெயர் தரவு. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். துக்கத்தைப் போராட்டமாக 'மாற்றுவது' என்று பேசுகிறோம். மாற்ற வேண்டியது ஒன்றும் இல்லை. எழுதி வைக்க வேண்டும், அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

அர்ஜென்டினாவில் கோர்தோபா நகரத்தின் இட்டுசைங்கோ பகுதியிலும் இதேதான். சோஃபியா கட்டிகாவின் பெண்குழந்தை பிறந்து மூன்று நாளில் சிறுநீரகக் கோளாறில் இறந்தது. சுற்றிலும் சோயா வயல், மேலே மருந்து தெளிக்கும் விமானம். அவரும் மற்ற தாய்மாரும் வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன நோய் என்று எழுதினார்கள். 2012இல் வீடுகளுக்குப் பக்கத்தில் மருந்து தெளித்ததற்காக ஒரு விவசாயியும் விமானியும் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

#8 ஆலம்விழுது | மாலை 4:35

நான் இங்க எப்பவும் படிச்சிட்டு மட்டும் போறவ. இன்னிக்கு எழுதணும்னு தோணுது.

என் பையனுக்கு ஆஸ்துமா. ராத்திரி ரெண்டு மணிக்கு அவன் நெஞ்சு உள்ள இழுத்து இழுத்து ஏறும்போது, விலா எலும்புக்கு நடுவுல தோல் குழி விழறதை எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். நிமிஷத்துக்கு எத்தனை மூச்சுன்னு டாக்டர் எண்ணச் சொன்னாரு. அந்தச் சீட்டெல்லாம் ஒரு டப்பாவுல கிடக்கு.

ரோசமண்ட் அடூ-கிஸ்ஸி-டெப்ரா பத்தித் தெரியுமா உங்களுக்கு? லண்டன்ல ஒரு பள்ளி ஆசிரியை. நெரிசலான பெரிய ரோட்டுக்குப் பக்கத்துல வீடு. மகள் பேரு 'எல்லா'. அவ மூணு வருஷத்துக்குள்ள கிட்டத்தட்ட 30 தடவை ஆஸ்பத்திரியில சேர்ந்தா. 2013ல ஒன்பது வயசுல இறந்துட்டா. 2014ல நடந்த மரண விசாரணையில காத்து மாசு பத்தி ஒரு பேச்சும் இல்ல. அந்த அம்மா விடல. நிபுணர்கள்கிட்டப் போய், மகள் ஆஸ்பத்திரிக்குப் போன நாளையும் அந்த நாளோட காத்து அளவையும் ஒப்பிட்டுப் பாக்க வச்சாங்க. 2019ல பழைய முடிவை ரத்து பண்ணினாங்க. 2020 டிசம்பர்ல ரெண்டாவது விசாரணை, மகளோட சாவுக்குக் காத்து மாசும் காரணம்னு சொல்லிச்சு. பிரிட்டன்ல ஒருத்தரோட மரணக் காரணத்துல இப்படிப் பதிவானது அதுதான் முதல் தடவை.

ஏழு வருஷம். நான் யோசிக்கறது என்னன்னா, அந்த ஏழு வருஷத்துல எத்தனை கூட்டத்துல, எத்தனை பேர் முன்னாடி அந்தம்மா மகளோட கடைசி ராத்திரியைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பாங்க. ஒவ்வொரு தடவையும் அழாமயா சொல்லியிருப்பாங்க? கணக்கன் அண்ணா, அழுகை தீர்ந்தப்புறம் போகணும்னா அவங்க இன்னிக்கும் போயிருக்க மாட்டாங்க.

என் டப்பாவை இன்னிக்குத் திறக்கப் போறேன்.

#9 மூங்கில்காடு | இரவு 8:15

எல்லாரும் நெகிழ்ந்து போயிருக்கீங்க, நானும்தான். ஆனா கொஞ்சம் கசப்பான விஷயமும் யாராவது சொல்லணும். ஏழு வருஷம் ஒரு நதிக் குழுவுல இருந்துட்டு உடம்பும் மனசும் விட்டுப்போய் வெளிய வந்தவ நான்.

"பெண்கள் முன்னின்று நடத்தும் இயக்கம்"னு பதாகையில எழுதியிருக்கும். முன்னாடி நின்னது நாங்கதான், வெயில்ல. உள்ள உட்கார்ந்து பேச்சுவார்த்தை நடத்தினது வேற ஆட்கள். பத்திரிகைக்காரங்க வந்தா "அக்கா, கொஞ்சம் அழுதுகிட்டே பேசுங்க"ன்னு கேட்ட நாளும் உண்டு. அன்னிக்கு ராத்திரி எனக்கு வந்த அருவருப்பு இன்னும் போகல. நம்ம துக்கத்தை நாம பேசறது வேற, அதைக் காட்சிக்கு வைக்கறது வேற. நீர்முள்ளி, இதுல மட்டும் கறாரா இருங்க. எப்போ பேசணும், யார்கிட்டப் பேசணும், எது வெளிய போகக் கூடாது, எல்லாம் உங்க முடிவு.

இமயமலைப் பக்கம் மரம் வெட்டறதைத் தடுத்த சிப்கோ இயக்கத்தை எல்லாரும் சொல்வாங்க. 1974 மார்ச் 26, ரேணி கிராமம். ஆண்களை நஷ்டஈடு வாங்க வரச் சொல்லி சமோலிக்கு அனுப்பிட்டு, அந்த நேரம் பாத்து மரம் வெட்ட ஆள் வந்தாங்க. கௌரா தேவியும் 27 பெண்களும் காட்டுப் பாதையில போய் மறிச்சாங்க. அது தெரிஞ்ச கதை. அதிகம் சொல்லாத கதை 1980ல டூங்கரி-பைன்டோலி. சாலை, பள்ளி, ஆஸ்பத்திரின்னு வாக்குறுதி கொடுத்ததும் ஆண்கள் இருந்த ஊர்க்குழு ஓக் காட்டைக் கொடுக்கச் சம்மதிச்சிருச்சு. பெண்கள் சொந்த வீட்டு ஆண்களையே எதிர்த்து நின்னு காட்டைக் காப்பாத்தினாங்க. விறகும் தீவனமும் தேடி நாளெல்லாம் நடக்கற கால் அவங்களோடது, காடு போனா இன்னும் எவ்வளவு தூரம்னு அவங்களுக்குத்தான் தெரியும். பெண்ணுக்கு இயற்கையோட ஏதோ பிறவி பந்தம்னு கவிதையாச் சொல்றதை என்னால ஏத்துக்க முடியல. வேலை யார் தலையில விழுதோ அவங்களுக்கு முதல்ல தெரியுது. அவ்வளவுதான்.

அதனால குழு ஆரம்பிக்கும்போதே இதைப் பேசுங்க: கூட்டம் எந்த நேரம்? அந்த நேரத்துல வீட்டு வேலையை யார் பாப்பாங்க, குழந்தையை யார் பாப்பாங்க? பேச்சுவார்த்தைக்கு யார் உள்ள போவாங்க? மூணு மாசம் ஓய்வு வேணும்னு ஒருத்தி சொன்னா கேள்வி கேக்காம விடுவீங்களா? எங்க குழுவுல கடைசிக் கேள்வியை யாரும் கேக்கல. கேட்டிருந்தா நான் இன்னும் அங்க இருந்திருப்பேன்.

#10 நீர்முள்ளி | இரவு 11:30

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். மூங்கில்காடு அக்கா, நீங்க எழுதினதைக் காகிதத்துல எழுதி எடுத்து வச்சிருக்கேன்.

ஒரு பயம் இருக்கு. நோட்டை எடுத்தேன், போன வருஷப் பக்கம் வரைக்கும்தான் திருப்ப முடிஞ்சது. இந்த வருஷப் பக்கத்துல முதல் மழைத் தேதி எழுதியிருக்கேன், அடுத்த கட்டம் காலியா இருக்கு. அதைப் பாக்க முடியல.

#11 கூழாங்கல் | மறுநாள் காலை 6:40

நீர்முள்ளி, அந்தப் பெண்களின் கூட்டத்தில் நோட்டைத் திறப்பதாக இருந்தால், அதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். ஜோவன்னா மேசி என்பவர் பல பத்தாண்டுகள் சொல்லிக்கொடுத்த ஒரு வழி. 2025இல் 96 வயதில் மறைந்தார்.

எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டும். வட்டத்தை நான்காகப் பிரித்து ஒன்றில் ஒரு கல், ஒன்றில் காய்ந்த சருகு, ஒன்றில் ஒரு கம்பு, ஒன்றில் காலிக் கிண்ணம். கல் பயத்துக்கு, சருகு துக்கத்துக்கு, கம்பு கோபத்துக்கு, கிண்ணம் ஒன்றும் தோன்றாத வெறுமைக்கு. யாருக்கு எப்போது தோன்றுகிறதோ அவர் நடுவே போய் ஒன்றைக் கையில் எடுத்துப் பேசலாம். மற்றவர்கள் ஆறுதல் சொல்லக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது. "கேட்கிறோம்" என்று மட்டும் சொல்ல வேண்டும்.

நான் இருந்த வட்டத்தில் ஒரு வயதான அம்மா சருகை எடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கையை மூடினார், சருகு நொறுங்கும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. "கேட்கிறோம்" என்றோம். பிறகு அவர் கம்பை எடுத்தார். அன்று மாலை மனு எழுத உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான்.

ஒன்று மட்டும். பல வாரமாகத் தூக்கமே இல்லை, சாப்பிட முடியவில்லை என்றால் வட்டம் போதாது, மனநல மருத்துவரைப் பாருங்கள். இயக்கத்தில் இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடுவதைப் பார்த்துவிட்டேன்.

#12 செங்காந்தள் | காலை 8:20

பாதுகாப்பு பற்றியும் இப்போதே பேசிவிடுவோம், பிறகு பேசலாம் என்று விட்டால் பிந்திவிடும்.

ஹோண்டுராஸில் குவால்கார்க்கே நதியின் அணையை எதிர்த்த பெர்த்தா காசெரஸை 2016 மார்ச்சில் அவர் வீட்டிலேயே சுட்டுக்கொன்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் உலகப் புகழ்பெற்ற கோல்ட்மன் பரிசு வாங்கியிருந்தார், விருது காப்பாற்றவில்லை. தென்னாப்பிரிக்காவில் நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்தை எதிர்த்த ஃபிகிலே ந்ட்சாங்காசேயை 2020 அக்டோபரில் வீட்டுக்குள் புகுந்து சுட்டார்கள். 2023இல் மட்டும் நிலத்தையும் சூழலையும் காத்தவர்களில் 196 பேர் கொல்லப்பட்டதாக குளோபல் விட்னஸ் அமைப்பு பதிவு செய்திருக்கிறது. உங்கள் குட்டைக்கு அந்த அளவு ஆபத்து வரும் என்று சொல்லவில்லை. ஆனால் மண் கொட்டுபவரிடம் பணம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

தனியாகப் போய்ப் படம் எடுக்காதீர்கள். நோட்டின் பக்கங்களைப் படம்பிடித்து மூன்று வீடுகளில் வையுங்கள். ஒரே முகத்தைத் தலைவியாக்காதீர்கள். பெர்த்தா இறந்த பிறகு அவருடைய மக்கள் "பெர்த்தா சாகவில்லை, பெருகினார்" என்று முழங்கினார்கள், மகள் பெர்த்தா சூனிகா அவருடைய அமைப்பின் பொறுப்பை ஏற்றார். பெருகுவதற்கு ஒருவர் சாகும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதுதான் என் ஆசை.

#13 கணக்கன் | காலை 10:02

நேத்து ராத்திரி தூக்கம் வரல. நான் தொகுத்த கோப்புகள்ல இருந்த தேதியெல்லாம் யார் சொல்லி எழுதினதுன்னு யோசிச்சுப் பாத்தேன். பெரும்பாலும் யாராவது ஒரு அம்மா சொன்னதுதான். நான் சுத்தமா எழுதி என் பேர்ல கொடுத்தேன். ஆலம்விழுது, உங்க பதிவுக்கு என்கிட்ட பதில் இல்ல. நான் எழுதினதைத் திரும்ப வாங்கிக்கறேன்.

என்னால முடிஞ்ச உதவி. குட்டை இருந்ததுக்கு இன்னொரு சாட்சி வானத்துல இருக்கு. லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972லேர்ந்து படம் எடுக்குது, 2008லேர்ந்து எல்லாருக்கும் இலவசம். ஆனா அதுல ஒரு புள்ளிக்கு 30 மீட்டர், உங்க குட்டை ஒண்ணு ரெண்டு புள்ளியாத்தான் தெரியும். சென்டினல்-2ன்னு இன்னொண்ணு, 2015லேர்ந்து, புள்ளிக்கு 10 மீட்டர். அதுல தண்ணி நல்லாத் தெரியும். மேகம் இல்லாத நாளாப் பாத்து, உங்க நோட்டுத் தேதிக்குப் பக்கத்துல வர்ற படத்தை எடுத்து ஜோடி ஜோடியா வைக்கலாம். நோட்டு சொல்றதையும் படம் சொல்றதையும் பக்கத்துல பக்கத்துல வச்சா யாராலயும் சுலபமாத் தள்ள முடியாது. தொகுத்தவர்ங்கற இடத்துல உங்க குழுவோட பேர் இருக்கும். என் பேர் வேண்டாம்.

மிச்சம் இருக்கற ரெண்டு நீர்நிலையையும் இன்னிக்கே எண்ண ஆரம்பிங்க. போனதுக்கு அழற நேரத்துல இருக்கறதுக்குப் பதிவு இல்லாமப் போயிடக் கூடாது.

#14 தும்பைப்பூ | காலை 11:15

ஒரு கேள்வி கேக்கலாமா? ஜெயிச்சா நிலைக்குமா? ரேணி கிராமத்துக்கே 2021 பிப்ரவரியில வெள்ளம் வந்து பெரிய அழிவு ஆச்சே. நிலம் விரிசல் விட்டு, கௌரா தேவியோட சிலையையே பெயர்த்து வேற இடத்துக்குக் கொண்டு போனாங்கன்னு படிச்சேன். அதைப் படிச்ச அன்னிக்கு எதுக்குமே அர்த்தம் இல்லன்னு தோணிச்சு.

#15 மூங்கில்காடு | பகல் 12:40

தும்பைப்பூ, எனக்கும் அந்தச் செய்தி ரொம்ப நாள் தொண்டையில நின்னுச்சு. பொய்யா ஆறுதல் சொல்ல மாட்டேன். நிலைக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. 1974ல காப்பாத்தின மரம் வெட்டுப்படாம நின்னுச்சு, அந்த மலைச்சரிவைப் பிடிச்சுக்கிட்டு. 1974லேர்ந்து 2021 வரைக்கும் 47 வருஷம். அதுக்குக் கீழ பிறந்த குழந்தைங்க வளர்ந்து பேரன் பேத்தி எடுத்துட்டாங்க. அவங்ககிட்டப் போய் அது வீண்னு சொல்ல எனக்கு வாய் வராது.

அப்புறம், சுவிட்சர்லாந்துல 64 வயசுக்கு மேற்பட்ட பெண்கள் 2,000 பேருக்கு மேல சேர்ந்து, வெயில் அலையில எங்க வயசுப் பெண்கள்தான் அதிகம் சாகறோம், அரசு போதுமானதைச் செய்யலன்னு வழக்குப் போட்டாங்க. சொந்த நாட்டு நீதிமன்றங்கள்ல தோத்தாங்க. 2024 ஏப்ரல் 9 அன்னிக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துல ஜெயிச்சாங்க. பலன் முழுசா வர்றதுக்குள்ள தங்களோட காலம் முடிஞ்சிரும்னு அந்தப் பாட்டிகளுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் போனாங்க.

இதை எழுதும்போதுதான் எனக்கே ஒண்ணு உறைக்குது. ஓய்வு போதும்னு நினைக்கறேன். பழைய குழுவுக்கு இல்ல, புதுசா. நீர்முள்ளி, வரைபடம் வரையறதுக்கு ஆள் வேணும்னா சொல்லு.

#16 நீர்முள்ளி | ஆறு நாள் கழித்து, இரவு 10:48

கூட்டம் நடந்தது. ஏழு பேர். பகல் மூணு மணிக்கு வச்சோம், அதுதான் எல்லாருக்கும் தோது. ரெண்டு பேரோட குழந்தைகளை என் தங்கை பாத்துக்கிட்டா.

கல், சருகு, கம்பு, கிண்ணம் வச்சோம். நான் கிண்ணத்தைத்தான் எடுத்தேன், சருகை எடுப்பேன்னு நினைச்சேன். அப்புறம் நோட்டைத் திறந்தேன். முதல் வருஷத்துப் பக்கம் படிக்கறதுக்குள்ள அழுகை வந்துருச்சு. பக்கத்துல இருந்தவங்க நோட்டை வாங்கிப் படிக்க ஆரம்பிச்சாங்க. மூணாவது வருஷம் வந்ததும் ஒருத்தங்க, "அந்த வருஷம்தானே தண்ணி கரை ஏறி வாசல் வரைக்கும் வந்துச்சு"ன்னாங்க. இன்னொருத்தங்க அவங்க கிணத்துல எப்போலேர்ந்து தண்ணி இறங்குச்சுன்னு சொன்னாங்க. அதையெல்லாம் பென்சில்ல ஓரத்துல எழுதிக்கிட்டே வந்தோம். பதினோரு வருஷம் படிச்சு முடிக்க ரெண்டு மணி நேரம் ஆச்சு. நோட்டு என்னோடது மாதிரியே இல்ல இப்போ.

உள்ள போய்ப் பேசறதுக்கு யார்னு கேள்வி வந்தப்போ கொஞ்சம் மனஸ்தாபம் ஆச்சு. இன்னும் தீரல. அடுத்த வாரம் பேசறோம்.

மனுவோட நோட்டுப் பக்கத்தின் நகலையும் கணக்கன் அண்ணா செஞ்சு கொடுத்த படங்களையும் சேர்த்துக் கொடுத்திருக்கோம். வாங்கி முத்திரை போட்டுக் கொடுத்தாங்க. வேற ஒண்ணும் சொல்லல.

இன்னிக்கு சாயங்காலம் நல்ல மழை. ரெண்டாவது குளத்துக்கு மூணு பேர் டார்ச் எடுத்துக்கிட்டுப் போனோம், என் பொண்ணும் வந்தா. சத்தம் காதை அடைச்சது. நான் அங்கேயே கரையில உட்கார்ந்துட்டேன். பொண்ணுதான் எண்ணினா. காலியா இருந்த கட்டத்தை அப்படியே விட்டுட்டு, அதுக்குக் கீழ புதுசா ஒரு வரி எழுதினேன்: "ரெண்டாவது குளம். தவளைச் சத்தம் உண்டு. முட்டைக் கொத்து 6, வடக்குக் கரை."

#17 கணக்கன் | இரவு 11:05

நேரம் போடல சகோதரி. சத்தம் எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?

#18 நீர்முள்ளி | இரவு 11:09

7:40. எழுதிட்டேன்.